திறப்பு விழாவுக்குப் பிறகு

ஒரு கட்டடம் மிக அழகாக இருப்பது அது திறக்கப்படும் நாளில்தான். கண்ணாடியில் தூசி இருக்காது, சுவரில் ஈரம் ஏறியிருக்காது. பூங்காவின் கதை நேர்மாறு. ரிப்பன் வெட்டும் நாளில் அதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். குச்சியில் கட்டி நிறுத்திய கன்றுகள், நிழலே இல்லாத நடைபாதை, முந்தைய நாள் லாரியில் வந்து இறங்கிய புல் பாய். எது பிழைக்கும், எது சாகும், தண்ணீர் எங்கே தேங்கும், ஜனங்கள் எந்த மூலையில் குறுக்கே நடந்து புதுப் பாதை போடுவார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் தெரியவரும்.

ஆனாலும் நிலத்தோற்ற வடிவமைப்புக்கான விருதுகளில் பல, வேலை முடிந்த ஓரிரு ஆண்டுகளில் எடுத்த படங்களைப் பார்த்தே கொடுக்கப்படுகின்றன. ட்ரோன் படத்தில் நெளிந்து போகும் நடைமேடை யாரையும் மயக்கும். அதனால் அண்மைக்காலச் சிறந்த பணிகள் என்று இங்கே நான் எடுத்துக்கொள்பவற்றில் பல, பத்து, பதினைந்து வயது கடந்தவை. மரத்தின் கணக்கில் அது நேற்றுதான். அதைவிட இளையவை சிலவும் இதில் உண்டு. அவற்றைப் பற்றி எனக்கு இருப்பது கருத்தைவிட ஆசைதான்.

இந்தப் பணிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். இவற்றில் பெரும்பாலானவை நல்ல மண்ணில் உருவானவை அல்ல. ஓடாத ரயில்பாதை, கான்கிரீட் வாய்க்கால், மூடிய புகையிலை ஆலை, கட்டட இடிபாடு கொட்டிய தோட்டம், கல் வெட்டிய குன்று, குப்பை மலை. நகரங்களில் மிச்சமிருக்கும் நிலம் அவ்வளவுதான். அந்த நிலத்துக்கு என்ன நேர்ந்தது, தண்ணீர் அதில் எந்தப் பக்கம் ஓடப் பார்க்கிறது, யாரும் நடாமலே அங்கே என்ன முளைக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தவர்களின் வேலை காலத்தில் நின்றிருக்கிறது. மனதில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு இடம் தேடியவர்களின் வேலை அப்படி நிற்கவில்லை. என் தீர்ப்புகள் எல்லாம் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான்.

நியூயார்க்கின் ஹை லைன் பலரும் பேசிப் பேசிச் சலித்த பெயர். இருந்தும் அதைத் தாண்டிப் போக முடியாது. மன்ஹாட்டனின் மேற்கு ஓரத்தில் கிடங்குகளுக்கும் இறைச்சிக் கூடங்களுக்கும் சரக்கு கொண்டுபோக 1930களில் தெருவுக்கு மேலே தூண்களில் கட்டிய ரயில்பாதை அது. கடைசி வண்டி 1980இல் ஓடியது. அதன்பின் இருபது வருடம் காற்றும் பறவையும் கொண்டுவந்த விதைகள் சரளைக்கல்லுக்கு நடுவே முளைத்து, நகரத்துக்கு மேலே யாரும் அறியாத ஒரு புல்வெளி உண்டாயிற்று. ஜோயல் ஸ்டெர்ன்ஃபெல்ட் அதைப் புகைப்படங்களாக எடுத்து வெளியிட்ட பிறகுதான், இடிக்க இருந்த பாதையை ஜனங்கள் வேறு கண்ணால் பார்த்தார்கள். ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹேமண்ட் என்ற இருவர் 1999இல் தொடங்கிய அமைப்பு அதைக் காப்பாற்றியது. 2009, 2011, 2014 என மூன்று கட்டமாக 2.3 கிலோமீட்டர் பூங்காவாகத் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர்கள் ஜேம்ஸ் கார்னரின் ஃபீல்ட் ஆபரேஷன்ஸ், டில்லர் ஸ்கோஃபிடியோ ரென்ஃப்ரோ என்ற கட்டடக்கலை நிறுவனம், செடிகளுக்கு டச்சுக்காரர் பீட் அவுடால்ஃப்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்தக் காட்டுச் செடிகளைப் பார்த்து ஊரே ஆசைப்பட்டதோ அவற்றை முதல் இரு கட்டங்களில் முழுக்க அள்ளிப் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்க முடிந்தது. இரும்பைச் சுரண்டி, பழைய ஈயப் பெயிண்டை நீக்கி, நீர்க்கசிவை அடைத்து, புது மண் போட்டு நட்டார்கள். ஆகவே இன்று நாம் பார்ப்பது ஒரு களைக்காட்டின் நினைவில் எழுதப்பட்ட தோட்டம். அதை அவுடால்ஃப் எழுதிய விதம்தான் பாராட்டுக்குரியது. ஒரு செடி எப்படிப் பூக்கிறது என்பதோடு எப்படிக் காய்ந்து நிற்கிறது என்பதையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் அவர். பனிக்காலம் முழுக்கப் பழுப்புத் தண்டும் விதைத்தலையும் அப்படியே நிற்கும். வசந்தம் தொடங்கும்போது தோட்டக்காரர்களும் தொண்டர்களும் கையால் வெட்டி எடுப்பார்கள். தரையும் அதே மனப்பான்மையில் போடப்பட்டது. நீண்ட கான்கிரீட் பலகைகளின் முனைகள் விரல்போலக் கூர்ந்து மண்ணுக்குள் இறங்க, இடைவெளியில் செடி ஏறி வருகிறது. பாத்தி எங்கே முடிகிறது, நடைபாதை எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடு கிழிக்க முடியாது.

வடமுனையில், ரயில் நிலைய யார்டைச் சுற்றி வளையும் மூன்றாம் பகுதியில், தானாக முளைத்த பழைய செடிகளைப் பிடுங்காமல் விட்டு, நடுவே எளிய பாதை ஒன்றை மட்டும் போட்டுத் திறந்தார்கள். செலவு குறைவு என்பது ஒரு காரணம். இந்த 2.3 கிலோமீட்டரில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் துண்டுதான்.

ஹை லைன் ஓர் எச்சரிக்கையும்கூட. 2005இல் மாநகராட்சி அந்த வட்டாரத்தின் நிலப் பயன்பாட்டு விதிகளை மாற்றியது. பூங்கா வரவர, இரு பக்கமும் பெரும் பணக்காரர்களுக்கான அடுக்குமாடிகள் எழுந்தன. பக்கத்திலேயே அரசுக் குடியிருப்புகளில் இருந்த ஏழைகளுக்குப் பூங்காவால் போதிய பலன் போய்ச்சேரவில்லை என்று ஹேமண்டே பின்னால் வெளிப்படையாகச் சொன்னார். செடி நடுவதற்கு முன்பே வாடகை பற்றி யோசித்திருக்க வேண்டும் என்ற பாடத்தை, இதைப் பின்பற்ற விரும்பும் ஊர்களோடு பகிர்ந்துகொள்ள ஒரு கூட்டமைப்பும் ஏற்படுத்தினார்கள்.

ஊர்கள் பின்பற்றியது என்னவோ தோற்றத்தை. சியோலில் 1970இல் கட்டிய மேம்பாலத்தை 2017இல் 'சியோலோ 7017' என்ற நடைபாலமாக்கினார்கள். டச்சு நிறுவனம் எம்விஆர்டிவியின் வடிவமைப்பு. வட்டவட்டமான கான்கிரீட் தொட்டிகளில் கொரியத் தாவரங்கள், அதுவும் கொரிய எழுத்து வரிசைப்படி. மரங்களை அகராதிபோல அடுக்குவது கேட்பதற்குச் சுவாரஸ்யமான யோசனை. ஆனால் நிழல் வேண்டும் மரமும் வெயில் வேண்டும் புதரும் எழுத்து வரிசை பார்த்து வளர்வதில்லை. தொட்டியில் வேரும் ஒரு அளவுக்கு மேல் போகாது. நியூயார்க்கிலேயே ஹட்ஸன் ஆற்றில் 2021இல் திறந்த லிட்டில் ஐலண்ட் இன்னொரு உதாரணம். தாமஸ் ஹெதர்விக் வடிவமைத்த 132 கான்கிரீட் கிண்ணங்கள் தண்ணீரிலிருந்து எழுந்து நின்று ஒரு தீவைத் தாங்குகின்றன. ஏறக்குறைய 26 கோடி டாலர் செலவு. போனால் உற்சாகமாகத்தான் இருக்கும். செடிகளின் தேர்வும் நேர்த்தி. ஆனாலும் அந்த ஆறு கேட்ட எந்தக் கேள்விக்கும் அது பதில் அல்ல. லண்டனில் தேம்ஸ் மீது இதே ஹெதர்விக் வரைந்த 'தோட்டப் பாலம்' ஒரு தூண்கூட எழாமல் 2017இல் கைவிடப்பட்டபோது 5.3 கோடி பவுண்டு போயிருந்தது. அழகான படம் எவ்வளவு விலை பெறும் என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டாம்.

இனி தண்ணீர். கடந்த இருபது ஆண்டில் இந்தத் துறையில் நடந்த உண்மையான மாற்றம் இங்கேதான்.

பெரும்பாலான நகரங்கள் தங்கள் ஆறுகளுக்குச் செய்வதுபோலவே, சிங்கப்பூரும் கல்லாங் ஆற்றை ஒரு காலத்தில் நேராக்கி, கான்கிரீட் பூசி, வாய்க்காலாக்கியது. வெள்ளம் வேகமாகக் கடலுக்குப் போக வேண்டும் என்ற ஒரே நோக்கம். பிஷான் பகுதியில் வாய்க்காலுக்கு ஒரு பக்கம் பூங்கா, நடுவில் வேலி. பூங்கா ஒரு துறையின் சொத்து, வாய்க்கால் இன்னொரு துறையின் சொத்து. நம் ஊரில் சாலையும் சாக்கடையும் ஒன்றையொன்று பார்க்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம் என்பதால் இந்த இடத்தில் வாசகர் கொஞ்சம் நிற்கலாம். 2006இல் நீர்வாரியம் நகரின் நீர்நிலைகளை மக்கள் பக்கம் திருப்பும் திட்டத்தைத் தொடங்கியபோது, வேலியின் இரு பக்கத்துத் துறைகளும் ஒரே வரைபடத்தின் முன் உட்கார வேண்டி வந்தது. பூங்காவையும் புதுப்பிக்க வேண்டும், வாய்க்காலும் பழசாகிவிட்டது. இரண்டையும் தனித்தனியே செய்வதற்குப் பதிலாக ஒன்றாகச் செய்தார்கள். வடிவமைப்பு ஜெர்மானியர் ஹெர்பர்ட் ட்ரைசைட்லின் அலுவலகம்.

2.7 கிலோமீட்டர் நேர் வாய்க்கால் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறானது. முன்பு 17 முதல் 24 மீட்டர் அகலத்துக்குள் அடைபட்டிருந்த தண்ணீர், பெருமழையில் 100 மீட்டர் வரை பரவலாம். அப்படிப் பரவும் இடம்தான் மற்ற நாளில் புல்வெளி. கரைக்குக் கான்கிரீட் கிடையாது. உயிருள்ள கிளைகளைக் கட்டுகளாகக் கட்டிப் பதிப்பது, துணி விரிப்பில் மண்ணைப் பொதிந்து அடுக்குவது, கம்பிக் கூண்டில் கல் நிரப்பி இடையே செடி வைப்பது என்று, வேர் பிடிக்கப் பிடிக்கக் கரை உறுதியாகும் முறைகள். ஐரோப்பாவில் பழகிய இந்த முறைகள் வெப்ப மண்டல மழைக்குத் தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. அதனால் 2009இல் பூங்காவின் ஓரமாக ஓடிய சிறு ஓடையில் 60 மீட்டர் நீளத்துக்கு வெவ்வேறு முறைகளையும் செடிகளையும் வைத்துச் சோதித்துவிட்டே பெரிய ஆற்றில் கை வைத்தார்கள். என்னைக் கேட்டால் இந்தத் திட்டம் முழுவதிலும் மிகப் பெரிய வடிவமைப்பு முடிவு அந்த 60 மீட்டர். உடைத்தெடுத்த கான்கிரீட் வெளியே போகவில்லை. பூங்காவுக்குள்ளேயே குன்றாகவும் படிக்கற்களாகவும் மாறியது.

2012இல் திறந்த 62 ஹெக்டேர் பூங்காவில் ஆற்றங்கரைக்குத் தடுப்புக் கம்பி இல்லை. குழந்தைகள் இறங்கிக் காலை நனைக்கிறார்கள். நீர்மட்டம் ஏறினால் உணர்கருவிகள் எச்சரித்து, விளக்கும் ஒலிபெருக்கியும் ஆட்களை மேலே ஏறச் சொல்கின்றன. ஆபத்தைச் சுவர் கட்டி மறைப்பதைவிடத் தண்ணீர் ஏறுவதைக் கண்ணால் பார்க்கவிடுவது பாதுகாப்பானது என்று ஒரு அரசுத்துறை நம்பியது. அதுவும் சிங்கப்பூரில்! பிறகு 2014 வாக்கில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று இங்கே குடியேறி, நகரத்தின் செல்லமாகி, பத்திரிகைகளில் அரசியல்வாதிகளுக்குச் சமமாக இடம் பிடித்தது. வரைபடத்தில் நீர்நாய் இல்லை.

தண்ணீர் பற்றிய இந்த மனமாற்றத்துக்கு ஒரு பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் சீனாவின் யூ கொங்ஜியான். 1963இல் செஜியாங் மாநிலக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். சிறு வயதில் வெள்ளம் போன ஓடையில் விழுந்து, கரையின் நாணலையும் வில்லோ மரத்தையும் பற்றிக்கொண்டு பிழைத்ததை அடிக்கடி சொல்வார். சுவர் கட்டிய கரையாக இருந்திருந்தால் பற்றிக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது. ஹார்வர்டில் படித்துவிட்டுத் திரும்பி 1998இல் டுரென்ஸ்கேப் நிறுவனத்தைத் தொடங்கினார். மழையை விரட்டாமல் விழுந்த இடத்திலேயே பிடித்து வைக்கும் 'பஞ்சு நகரம்' என்ற அவருடைய கருத்து 2013க்குப் பிறகு சீன அரசின் கொள்கையாயிற்று. 2025 செப்டம்பரில் பிரேசிலின் பந்தனால் சதுப்புநிலத்தில் ஆவணப்படப் பணியில் இருந்தபோது விமான விபத்தில் இறந்தார்.

அவருடைய பல நூறு பணிகளில் ஹார்பின் நகரத்துச் சுன்லி மழைநீர்ப் பூங்காவை முதலில் வைப்பேன். நாலு பக்கமும் சாலையும் கட்டடமும் வந்து, வரத்து அறுந்து, காய்ந்துகொண்டிருந்த 34 ஹெக்டேர் சதுப்பு. நடுவில் அவர் கை வைக்கவே இல்லை. சுற்று ஓரத்தில் மட்டும் பள்ளம் தோண்டி, அந்த மண்ணைப் பக்கத்திலேயே மேடாகக் குவித்து, பள்ளமும் மேடுமாக ஒரு வளையம் அமைத்தார். நகரத்து மழைநீர் குழாய்களில் வந்து அந்தப் பள்ளங்களில் இறங்கி, வண்டல் படிந்து, தெளிந்து, பிறகு நடுச் சதுப்புக்குள் போகிறது. மேடுகளில் பிர்ச் மரங்கள், அவற்றுக்கு மேலே உயர்த்திய நடைபாதை. வெளியிலிருந்து மண் வரவில்லை, உள்ளிருந்து மண் போகவில்லை. நம் பக்கத்தில் ஏரி தூர்வாரும்போது மண்ணை ஏலம் விடுவதா, கரையில் போடுவதா என்று நடக்கும் சண்டைகளை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை புரியும்.

யூவிடம் குறையும் உண்டு. குட்டித் தீவுகள், மேலே நெளியும் நடைமேடை, அதில் ஒரு பளிச் நிறம் என்று ஒரே சூத்திரம் ஊர் ஊராகத் திரும்ப வந்தது. பஞ்சுக்கு ஓர் எல்லை உண்டு என்பதும் தெரிந்தது. 2021 ஜூலை 20 அன்று செங்சோ நகரில் ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை கொட்டியது. பஞ்சு நகரத் திட்டத்துக்கு நிறையச் செலவிட்ட ஊர் அது. சுரங்க ரயிலில் தண்ணீர் புகுந்து 14 பேர் இறந்தார்கள். திட்டமே பொய் என்றார்கள் எதிர்ப்பாளர்கள். எந்தக் குழாயும் எந்தக் குளமும் தாங்காத மழை அது. சாதாரணப் பெருமழைக்கு வகுத்த கணக்கை அதை வைத்து அளக்க முடியாது என்பது நியாயமான பதில். ஆனால் ஒரு ஊரில் நாலைந்து காட்சிப் பூங்காக்களை அமைத்துவிட்டு ஊர் முழுதும் பஞ்சாகிவிட்டதாக அறிவித்த நிர்வாகங்களுக்கு அந்தப் பதில் பொருந்தாது. 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்ததைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

பாங்காக்கில் இரண்டு பூங்காக்கள் அருகருகே வைத்துப் பார்க்கத் தகுந்தவை. 2011 வெள்ளத்தில் நகரம் மூழ்கியபின், தாய்லாந்தின் கொச்சகோர்ன் வொராகோம் வடிவமைத்த சூலலங்கோர்ன் நூற்றாண்டுப் பூங்கா 2017இல் திறந்தது. பதினோரு ஏக்கர்தான். தட்டையான நகரத்தில் அவர் நிலத்தையே 3 டிகிரி சாய்த்தார். உயர்ந்த முனையில் கட்டடத்தின் பசுமைக் கூரை, அங்கிருந்து இரு ஓரமும் சதுப்புப் படிகள், தாழ்ந்த முனையில் குளம். சுமார் 38 லட்சம் லிட்டர் பிடிக்கும். பெரிய எண் இல்லை. நடுவூரில், நிலம் தங்க விலை விற்கும் இடத்தில், ஒரு பல்கலைக்கழகம் வணிக வளாகம் கட்டாமல் இதைச் செய்தது என்பதுதான் பெரிது. இரண்டாவது, யூவின் நிறுவனம் தாய்லாந்துக் குழுவோடு சேர்ந்து செய்த பெஞ்சகிட்டி வனப் பூங்கா, 2022. புகையிலை ஆலை இருந்த சுமார் 40 ஹெக்டேர். ஆலைக் கட்டடங்கள் சிலவற்றை வைத்துக்கொண்டார்கள், நின்ற மரங்களை நிற்கவிட்டார்கள், உடைத்த கான்கிரீட்டை உள்ளேயே பயன்படுத்தினார்கள். பக்கத்துக் கால்வாயின் அழுக்குத் தண்ணீர் இதற்குள் புகுந்து செடிகளால் சுத்தமாகிறது. தீவுகளும் நடைமேடையும் இங்கும் உண்டு. சூத்திரம்தான், ஆனால் இந்த ஊருக்குப் பொருந்திய சூத்திரம். பத்து வருடம் கழித்து அந்தத் தீவுகளில் எந்த மரம் எதை அமுக்கியிருக்கும் என்று பார்க்க ஆவலாக இருக்கிறது.

தண்ணீரிலிருந்து, தண்ணீரே இல்லாத இடத்துக்கு. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல விடுவார்கள் என்றால் ஜோத்பூரின் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்காவைச் சொல்வேன்.

மெஹ்ரான்கர் கோட்டையின் அடிவாரத்தில் சுமார் 70 ஹெக்டேர் எரிமலைப் பாறை. மண் என்று சொல்லத்தக்கது பாறை வெடிப்புகளில் மட்டும். அதை முழுக்கப் பிடித்திருந்தது நமக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு பேர்வழி: சீமைக்கருவேலம். அங்கே அதற்கு பாவ்லியா என்று பெயர். 2006இல் கோட்டை அறக்கட்டளை, மரங்களைப் பற்றி எழுதிவந்த பிரதீப் கிஷனிடம் இந்த இடத்தைப் பச்சையாக்கித் தரச் சொன்னது. திரைப்படம் எடுத்துக்கொண்டிருந்து தாவரங்கள் பக்கம் வந்தவர் அவர். முறைப்படி இந்தத் தொழில் படித்தவர் அல்லர்.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் துளிர்க்கும். எரித்தாலும் துளிர்க்கும். வேரின் கழுத்துக்குக் கீழே போய் எடுக்க வேண்டும். இங்கே கழுத்து பாறைக்குள் இருக்கிறது. இயந்திரம் நுழையாது. தீர்வு கிடைத்தது ஜோத்பூரின் கல் வெட்டும் பரம்பரைத் தொழிலாளர்களான கண்ட்வாலியாக்களிடம். சுத்தியலால் தட்டிச் சத்தத்தைக் கேட்டே பாறை எங்கே விரிசல் விட்டிருக்கிறது, வேர் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள். உளியும் சுத்தியுமாக ஒவ்வொரு மரத்தையும் சுற்றிக் குழி வெட்டி எடுத்தார்கள். வடிவமைப்பின் சாமர்த்தியம் இதற்கு அடுத்ததில் இருக்கிறது. சீமைக்கருவேலம் போன குழி, பாறையில் தயாராக இருக்கும் நடுகுழி. வேர் ஏற்கெனவே கண்டுபிடித்த வெடிப்பு அது. இன்னொரு செடியும் அதில் பிழைக்கும். தார் பாலைவனத்தில் பாறையில் வளரும் செடிகளைத் தேடி அலைந்து, எந்த நர்சரியிலும் கிடைக்காததால் விதை சேகரித்துத் தாங்களே வளர்த்து, அந்தக் குழிகளில் வைத்தார்கள். பளபளக்கிற, பாசனம் கேட்கிற எதுவும் கிடையாது. கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுவர முற்காலத்தில் பாறையில் வெட்டிய கால்வாய் இப்போது நடைபாதை.

2011இல் திறந்த இந்தப் பூங்கா, மழைக்குப் பின் சில வாரம்தான் பச்சையாக இருக்கும். மற்ற மாதங்களில் சாம்பலும் பழுப்பும். மே மாதத்தில் பூச்செடி பார்க்கப் போகிறவர் ஏமாறுவார், அப்படி ஏமாற்றும் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. இதே சிந்தனையில் குருகிராமில் சுரங்கம் தோண்டிப் போட்ட குன்றுகளில் விஜய் தஸ்மானா ஊராரோடு சேர்ந்து உருவாக்கிய ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவும், ஜெய்ப்பூரில் மணல்மேட்டில் பிரதீப் கிஷனே 2021இல் முடித்த கிஷன் பாகும் இருக்கின்றன. ஆரவல்லிக்கு ஆரவல்லிச் செடி, மணலுக்கு மணல் செடி.

தமிழ்நாட்டில் சீமைக்கருவேலத்துக்கு எதிராக நீதிமன்ற உத்தரவுகள் வந்தன, பொக்லைன்கள் இறங்கின. எடுத்த இடத்தில் அடுத்து என்ன நிற்க வேண்டும் என்று யாரும் வரைந்து வைக்காததால் பல கண்மாய்களில் மறு மழைக்கு அதுவே திரும்ப வந்தது. அதன் எதிர்த்துருவமாக ஒரு மியாவாக்கி மோகமும் வந்தது. எந்த மண்ணானாலும் நெருக்கி நட்டுச் சில வருடத்தில் காடு. ஜப்பானியக் காடுகளை மனதில் வைத்து அகிரா மியாவாக்கி வகுத்த முறை அது. புதரும் புல்லும் இயல்பாக இருக்க வேண்டிய தேரியிலும் கரட்டிலும் அதைத் திணிப்பது ராவ் ஜோதாவில் புல்தரை போடுவதற்குச் சமம்.

டெல்லியின் சுந்தர் நர்சரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதன் பலம் நுட்பத்தைவிடப் பொறுமை. புதுடெல்லியை உருவாக்கியபோது எந்த மரம் இங்கே வளரும் என்று சோதிக்க ஆங்கிலேயர் வைத்த நாற்றுப்பண்ணை, நடுவே பதினாறாம் நூற்றாண்டு முகலாயக் கல்லறைகள், மேலே பல்லாண்டுக் குப்பையும் இடிபாடும். ஆகா கான் கலாசார அறக்கட்டளை 2007இல் ஒப்பந்தம் போட்டு, 90 ஏக்கரை 2018இல் திறந்தது. வரைந்தவர் முகமது ஷஹீர். திறப்பைப் பார்க்க அவர் இல்லை, 2015இல் இறந்துவிட்டார். நடுவே முகலாய ஒழுங்கில் நீரோடும் நேர் அச்சு. அதைத் தாண்டினால் டெல்லியின் நான்கு வகை நிலங்களான குன்று, ஆற்றுப்படுகை, வண்டல் சமவெளி, சதுப்பு ஆகியவற்றை அந்தந்தச் செடிகளோடு சிறிய அளவில் அமைத்திருக்கிறார்கள். குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் பாயும் டிபன் கேரியருமாக வரும் குடும்பங்கள் இதில் எதையும் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் வால்டர் ஹூட் செய்ததை இந்த வரிசையில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அது 2023இல்தான் திறந்தது. ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலில் இறக்கிய கேட்ஸ்டன் துறையில், அருங்காட்சியகக் கட்டடத்தைத் தூண்களின் மேல் தூக்கி நிறுத்திவிட்டார்கள். கீழே உள்ள மண்தான் முக்கியம் என்பதால். அந்தத் தரையில் ஆழமில்லாத நீர்ப்பரப்பு. அடியில் அடிமைக் கப்பல் வரைபடத்தில் அடுக்கிக் காட்டிய மனித உருவங்களின் கோடுகள். தண்ணீர் ஏறினால் மறையும், வடிந்தால் தெரியும். நினைவுச் சின்னங்களில் எனக்குப் பொதுவாக ஒவ்வாத நாடகத்தன்மை இங்கே இல்லை, கடல் ஏறி இறங்கும் இடத்தில் அதே அசைவைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

பத்து, பதினைந்து வயது கடந்த பூங்கா சென்னையிலும் ஒன்று உண்டு. அடையாறு கழிமுகத்தின் ஓடையில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரை, ஆரோவில்லின் பிச்சாண்டிகுளம் குழு வழிகாட்ட மீட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். மூடிய நீர்ப்பரப்பைத் தோண்டி விரித்து, உப்புநீர் வரும் பக்கம் அலையாத்தி, மேட்டில் இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்கள். ஆரோவில் செம்மண்ணில் பல பத்தாண்டு கற்ற பாடம் இதற்குள் வந்தது. பிஷானுக்கு ஒரு வருடம் மூத்தது, சிந்தனையில் குறைந்ததும் இல்லை. ஆனால் நெடுங்காலம் முன்பதிவு செய்து அனுமதி வாங்கித்தான் உள்ளே போக முடிந்தது. சூழலைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு, ஒப்புக்கொள்கிறேன். விலை என்னவென்றால், அடையாறில் குடியிருப்பவருக்கே இப்படி ஒன்று இருப்பது தெரியாது. அதைப் பார்த்துப் பழகாத கவுன்சிலரும் ஒப்பந்ததாரரும் அடுத்த ஏரியைச் சீரமைக்கும்போது, கரையைச் சுற்றிக் கல்கட்டி, பேவர் பிளாக் போட்டு, செல்ஃபிக்கு ஊர்ப்பெயர் எழுத்துகளை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். கொக்கு நிற்க ஓர் ஆழமில்லாத ஓரம்கூட விடுவதில்லை.

ஒப்பந்தப் படிவம்தான் இதற்குப் பாதி காரணம் என்று நினைக்கிறேன். கட்டுமானத்துக்கு ஒரு டெண்டர், பராமரிப்புக்கு வேறொரு டெண்டர், வரைந்தவருக்குத் திறப்பு விழாவோடு கணக்கு முடிந்துவிடும். எந்தச் செடி களை, எது தானே வந்த நல்ல விருந்தாளி என்று தெரிந்த தோட்டக்காரர் அந்தச் சம்பளத்துக்குக் கிடைக்கமாட்டார். கிடைத்தாலும் அடுத்த ஆண்டு வேறு ஏஜென்சி வந்துவிடும். ஹை லைனில் வசந்தத்தில் வெட்டும் கைகளும், ராவ் ஜோதாவில் விதை பொறுக்கிய கைகளும் வரைபடத்தின் பகுதியாகவே இருந்தன.

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் 1948 முதல் 2001 வரை நகரத்தின் குப்பையைக் கொட்டிய ஃப்ரெஷ்கில்ஸ் இருக்கிறது. ஏறத்தாழ 890 ஹெக்டேர், அதில் நான்கு குப்பை மலைகள். அதைப் பூங்காவாக்கும் போட்டியில் வென்றவர் ஹை லைனின் அதே ஜேம்ஸ் கார்னர், இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே. ஒரேயடியாகக் கட்டி முடிக்கும் திட்டத்தை அவர் கொடுக்கவில்லை. மலைகளை மூடி, மீத்தேனைக் குழாயில் எடுத்து, புல் விதைத்து, மண் உருவாகக் காத்திருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் ஒரு கால அட்டவணையைக் கொடுத்தார். வடக்குப் பகுதியில் 21 ஏக்கர் 2023 அக்டோபரில்தான் திறந்தது. முழுவதும் முடிய 2036 ஆகும் என்கிறார்கள். இடையில் புல்வெளிக் குருவிகள் வந்து கூடு கட்டிவிட்டன.

சென்னையில் பெருங்குடிக் குப்பை மேட்டை அகழ்ந்து பிரித்தெடுக்கும் வேலை சில ஆண்டுகளாக நடந்துவருகிறது. அடியில் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பின் நிலம். அந்தச் சதுப்பு, உலக முக்கியத்துவம் பெற்ற சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்தது. மீளும் ஏக்கர்களுக்கு விரைவில் யாராவது ஒரு படம் வரைவார்கள்: நீரூற்று, உணவகம், கண்ணாடிப் பாலம். அதை வரையும் குழுவில் நான் இருந்தால் மூன்றைத்தான் கேட்பேன். தண்ணீர் பழையபடி உள்ளே வர மதகும் வழியும். மேடான ஓர் ஓரத்தில் ஒற்றைப் பாதை. பதினைந்து ஆண்டுக்குப் பத்துத் தோட்டக்காரர்களின் சம்பளம், அது முதலிலேயே வங்கியில் போடப்பட்டிருக்க வேண்டும்.